பதினோராம் வளைவில் தங்கிய வெளிச்சம்

கிட்ட வந்து உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஊரில் போய்த் தப்பாய்ச் சொல்வீர்கள், அப்புறம் பழி என் தலையில் விழும். குளிருகிறவர்கள் அடுப்புப் பக்கம் வாருங்கள். நடுவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து ஓடக் கூடாது. சரியா, இப்போது கேளுங்கள்.

வேங்கைமட்டம் என்று ஒரு மலையூர். அடிவாரத்திலிருந்து பதினாறு கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும். காப்பியும் மலைவாழையும் சவ்சவ்வும் விளைகிற ஊர். ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே மத்தியானச் சோறு செரிப்பதற்குள் மேகம் இறங்கிவிடும். இறங்கினால் தன் வண்டியின் பானட்டு தனக்கே தெரியாது. அதனால் மற்ற ஊரில் கையில் நாலு காசு சேர்ந்தால் பெண்டாட்டிக்கு மூக்குத்தி வாங்குவான், வேங்கைமட்டத்துக்காரன் வண்டிக்கு ஃபாக் லைட் வாங்குவான். கம்பெனி போட்டுக் கொடுத்த லைட்டெல்லாம் அவனுக்கு லைட்டே இல்லை. "அது பந்தி இலையில ஓரமா வைக்கிற உப்பு, அதை நம்பி எவனாவது சாப்பிட உக்காருவானா?" என்பான்.

ஊருக்கெல்லாம் லைட் விற்றவர் பீர் ராவுத்தர். கடைத்தெருவில் வண்டிக்கு ஜோடனை சாமான் விற்கிற கடை. அவர் ஒரு விசயத்தில் நியாயஸ்தர். எல்.இ.டி. லைட் பெட்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "அட்டையில இருக்கிற வெளிச்ச நம்பரை நம்பாதே தம்பி. அட்டைக்கு என்ன, பன்னிரண்டாயிரம்னும் போடலாம், பன்னிரண்டு லட்சம்னும் போடலாம். பாறையில அடிச்சுப் பாரு, பாறை பொய் சொல்லாது."

பாறை என்று அவர் சொன்னது பதினோராம் வளைவில் இருக்கிற யானைமுதுகுப் பாறையை. ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம், வாழைக்கன்று கட்டின மேனிக்கு, சந்தனப் பொட்டு காயாத மேனிக்கு, ஊர் வண்டியெல்லாம் அங்கே இறங்கி வந்து வளைவின் மேல்பக்கம் வரிசையாய் நிற்கும். எதிரே பாறை. நடுவில் ரோடு வளைந்து இறங்கும், ரோட்டின் மேல் மேகம் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொருத்தனும் தன் புது லைட்டைப் போட்டுக் காட்டுவான். எவன் வெளிச்சம் மேகத்தைத் துளைத்துப் பாறையைத் தொடுகிறதோ, அவனுக்கு ஒரு வருசம் ரோட்டில் முதல் மரியாதை. எதிரே வருகிறவன் ஒதுங்கி வழி விட வேண்டும். இதற்கு வெளிச்சம் பார்க்கிறது என்று பேர்.

ஜீப் ஓட்டுகிற வெயிலுமுத்துவுக்கு அந்த முதல் மரியாதை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. மூன்று வருசமாய்ப் பால் வேன் ஒண்டிமுத்துதான் ஜெயித்தான். பாதி லைட்டால் ஜெயித்தான், பாதி வாயால் ஜெயித்தான். இந்த வருசம் வெயிலுமுத்து ராவுத்தர் கடையில் இருந்ததிலேயே கனமான ஜோடியை வாங்கி, தனியாய் ரிலே வைத்து, வயரிங் இழுத்து, பம்பரில் முறுக்கி, எல்லாருக்கும் முன்னால் போய் முதல் ஆளாய் நின்றான். லைட்டைப் போட்டான். வெளிச்சம் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி மேகத்துக்குள் போய்ப் பாறையில் முட்டியது.

"மாப்ளே, தொட்டுருச்சு!" என்று அவன் கத்தினான்.

"தொட்டுச்சா, எட்டிப் பார்த்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒண்டிமுத்து பக்கத்தில் வந்து நின்று தன் லைட்டைப் போட்டான். அது கொஞ்சம் மஞ்சள் கலந்த வெளிச்சம். அதுவும் பாறையில் முட்டியது. எது தடிமன், எது நீளம் என்று வாய்ச்சண்டை மூண்டது. பேசிப் பேசித் தொண்டை காய்ந்து, பேட்டரி இறங்கிவிடும் என்று இரண்டு பேரும் லைட்டை அணைத்தார்கள்.

லைட் அணைந்தது. வெளிச்சம் அணையவில்லை.

ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், இரண்டும் மேகத்துக்குள் பாறை வரைக்கும் நீட்டினது நீட்டின மேனிக்கு நின்றன. வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். அப்போதும் நின்றன. மறுநாள் காலையில் மேகம் விலகவில்லை, வெளிச்சமும் விலகவில்லை. வளைவில் டீக்கடை வைத்திருக்கிற செல்லக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, கடைக்கு ஒரு பல்பு மிச்சம்" என்று சொல்லிப் பாய்லரைப் பற்ற வைத்தாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன் கேளுங்கள். முதல் வாரம் தொட்டுப் பார்த்தார்கள். சுடவில்லை, குளிரவில்லை, நனைந்து பிழிந்த வேட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் துணி காயப்போட்டார்கள். மழைக்காலத்தில் பத்து நாள் ஆனாலும் ஈரவாடை போகாத ஊரில், அந்த வெளிச்சத்தின் மேல் போட்ட சேலை ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது என்றால் அது சின்ன விசயமா? கரண்ட் ஆபீஸ்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வயர் இல்லை, மீட்டர் இல்லை, "இணைப்பு இல்லை" என்று நோட்டில் எழுதிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். பூசாரி தடிமனான வெளிச்சத்துக்கு ஒரு பொட்டு வைத்தார், பொட்டு அந்தரத்தில் நின்றது, நாலு பேர் கும்பிட்டார்கள், ஐந்தாவது ஆள் கொடியில் காய்ந்த தன் பனியனை எடுத்துக்கொண்டு போனான்.

வெளிச்சம் தங்குகிறது என்று தெரிந்ததும் வாய்ச்சண்டை அளவுச்சண்டை ஆனது. இதுவரைக்கும் கண்ணால் பார்த்ததை இனி அளக்கலாமே! அளக்க டேப்பு யாரிடம் இருக்கிறது? வெயிலுமுத்துவின் பெண்டாட்டி பெருமாயியிடம் இருக்கிறது. அவள் ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவள். அறுபது அங்குல டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருப்பாள். ஆள் ஆளுக்கு வந்து, "அக்கா, டேப்பைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் போய், வெளிச்சத்தின் இடுப்பை அளந்தார்கள், நீளத்தை அளந்தார்கள். வெயிலுமுத்துவின் வெளிச்சம் இடுப்பு நாற்பத்தி நாலு. ஒண்டிமுத்துவினுடையது நாற்பத்தி மூன்றரை.

"ஜாக்கெட் தைச்சுப் போடவா ரெண்டுக்கும்?" என்று பெருமாயி கேட்டாள். "மார்பளவும் எடுத்துட்டு வாங்க."

அரை அங்குலத்தில் தோற்ற ஒண்டிமுத்து சும்மா இருப்பானா? ராவுத்தரிடம் போய்ப் பெரியதாய் வாங்கி வந்து இன்னொரு வெளிச்சத்தை நிறுத்தினான். வெயிலுமுத்துவும் விடவில்லை. வாழைத்தார் லாரி, சவ்சவ் ஏற்றுகிற மினி லாரி, டூரிஸ்ட் வேன், பக்கத்து மலைக்காரன், அதற்குப் பக்கத்து மலைக்காரன், எல்லாரும் வந்தார்கள். வந்தவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சிக்கல். ஏற்கெனவே நிற்கிற வெளிச்சத்துக்கு மேலே தன் வெளிச்சம் தெரிய வேண்டுமென்றால் அதைவிடப் பெரியதாய்ப் போட வேண்டும். போட்டான். அடுத்தவன் அதைவிடப் பெரியதாய்ப் போட்டான். ராவுத்தர் கடையில் அலமாரி காலியானது. "பாறையில அடிச்சுப் பாருன்னு நான்தானே சொன்னேன், என் நாக்கைச் சொல்லணும்" என்று அவர் ஒருநாள் முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை.

இப்படியே நாற்பத்து மூன்று வண்டியின் வெளிச்சம் அந்த ஒரு வளைவில் சேர்ந்தது. சேரச் சேர வெளிச்சம் தெரிந்ததா என்றால், இல்லை. காய்ச்சின பால் அண்டாவுக்குள் தலையை விட்ட மாதிரி எல்லாம் ஒரே வெள்ளை. பாறை தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, தடுப்புச்சுவர் தெரியவில்லை. முதலில் கவர்மென்ட் பஸ் பத்தாம் வளைவோடு திரும்பிப் போனது. அப்புறம் லாரி. அப்புறம் எல்லாம். நடந்து போகிறவர்கள் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: கண்ணைத் திறந்தால்தானே கூசுகிறது, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனால் அந்தப் பக்கம் போய்விடலாம். பெண்கள் தலையில் வாழைத்தாரை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பேசிக்கொண்டே வளைவைக் கடந்தார்கள். ஊர் அதற்கும் பழகியது. பழகாத விசயம் என்று ஊருக்கு எதுவும் இல்லை.

ஆனால் ஜீப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடியாதே. வெயிலுமுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

பெருமாயிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் மிசினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். அதற்காக அவள் இடது கையில் ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே உர்ர்ரென்று ஓடும். வெயிலுமுத்து தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாய் அதைத் தொட்டுப் பார்ப்பான். "வண்டி ஐடிலிங்ல நிக்குது, பயப்படாதீங்க" என்பாள் அவள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணிதான், அதையும் அளந்துதான் குடிப்பாள். இரண்டு தடவை தவறினால் தண்ணி நெஞ்சில் ஏறி மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பஸ் நின்றது ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பெருமாயியை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு வளைவில் இறங்கினார்கள். சுவரைத் தடவ யாருக்கும் கை ஒழியவில்லை. பாதி வழியில் வாழைத்தார் லாரிக்காரனின் கால் ரோட்டை விட்டு இறங்கியது. நாற்காலி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. சுவர் இருந்ததால் நாலு பேரும் சுவரில் மோதி நின்றார்கள். அவன் கணுக்கால் பிசகியது. அப்படியே திருப்பித் தூக்கி வந்துவிட்டார்கள். அந்த வெள்ளி தவறிப்போனது.

தூக்கினவர்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள் அல்லவா? தூக்கப்பட்டவளுக்கு வழி பார்க்கிற வேலை இல்லை. அவள் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள்.

சனி, ஞாயிறு போனது. திங்கட்கிழமை அவள் கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து குழியாகவே நின்றது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டாள். வெயிலுமுத்து அவள் காலடியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என் பவிசுக்கு நான் நிறுத்தின வெளிச்சம், பெருமாயி. நான்தான் முதல்ல நிறுத்தினேன்."

"ஆமா, நீங்கதான்," என்றாள் அவள். ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை அவள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஏங்க, பஸ்ஸு தினம் நாலு நடை அந்த வளைவுல போச்சே, அதோட வெளிச்சம் ஏதாவது அங்க நின்னுச்சா?" என்று கேட்டாள்.

யோசித்தான். "இல்ல."

"ஒண்டிமுத்து தினம் விடிய லைட்டப் போட்டுக்கிட்டுத்தானே பால் கொண்டு போனான்? அது நின்னுச்சா?"

"அதுவும் இல்ல."

"நாற்காலியில உக்காந்து நல்லாப் பார்த்துட்டேன். காட்டுறதுக்குப் போட்ட வெளிச்சம் மட்டுந்தான் நிக்குது. போறதுக்குப் போட்டது வண்டியோட போயிருச்சு. பாவம், அதுக வழி காட்டப் பொறந்ததுக. நீங்க பாறையைக் காட்டி நிறுத்திட்டு வந்துட்டீங்க. எங்க போறதுன்னு தெரியாம நிக்குதுக."

"அப்படின்னா எல்லாரையும் அவனவன் வெளிச்சத்தை எடுத்துக்கிட்டுப் போகச் சொல்றேன்."

"சொல்லிப் பாருங்க. என்னுது நல்ல வெளிச்சம், அவனுதை எடுக்கச் சொல்லும்பான் ஒவ்வொருத்தனும். எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டானுங்க." அவள் கழுத்திலிருந்த டேப்பைச் சரி செய்துகொண்டாள். "என்னை ஜீப்புல ஏத்துங்க. செல்லக்கண்ணு கடைக்குப் போவோம்."

மத்தியானம் டீக்கடையில் எல்லாரும் இருந்தார்கள்; வண்டி ஓடாத ஊரில் டிரைவர் வேறு எங்கே இருப்பான்? பெருமாயி ஜீப்பை விட்டு இறங்கவில்லை, முன் சீட்டில் உட்கார்ந்தபடியே, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று பேசினாள்.

"பாறையில அடிச்சுக் காட்டுறதெல்லாம் கல்யாண வீட்டுல இரவல் நகை காட்டுற மாதிரிப்பா. மிச்ச வளைவெல்லாம் இறக்கி, அடிவாரம் வரைக்கும் எவன் வெளிச்சம் தேயாம வருதோ, அதுதான் வெளிச்சம். நாளைக்குக் காலையில ஏழு மணிக்குப் போட்டி. புது லைட்டு ஆகாது, இங்க நிறுத்தியிருக்கீங்களே, இதே வெளிச்சந்தான். பக்கத்து மலைக்காரனுக்கும் போன் போட்டுச் சொல்லுங்க. பயப்படுறவன் வர வேண்டாம்."

பயப்படுகிறவன் என்ற வார்த்தை கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"ஜட்ஜு ஆருக்கா?" என்றான் ஒண்டிமுத்து.

"நான்தான். உங்க எல்லாரோட வெளிச்சத்துக்கும் இடுப்பளவு எடுத்தது என் டேப்புதானே? டேப்பு என்னைக்காவது பொய் சொல்லுச்சா?"

"டேப்பு சொல்லலை. ஆனா உங்க வீட்டுக்காரர் லைட்டும் இருக்கே. புருசனுக்கு அரை அங்குலம் கூடப் போட மாட்டீங்களா?"

கடையில் சிரிப்பு எழுந்தது. ராவுத்தர் மட்டும் சிரிக்கவில்லை, அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வண்டி போட்டியில இல்ல," என்றாள் பெருமாயி. "ஜட்ஜு முன்னால போய் இடம் பிடிக்கணும். அதுக்கு மட்டுந்தான் எங்க வண்டி."

வெயிலுமுத்துவுக்கு நெஞ்சில் யாரோ கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளின மாதிரி இருந்தது. நாற்பத்தி நாலு அங்குலம். ஜீப் ஓட்டின பதினெட்டு வருசத்தில் ஒரே ஒரு தடவை ஜெயித்த அளவு. ஊர் முன்னால் அவளே அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டாள். அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தான், அவள் வீங்கின காலைப் பார்த்தான், "ஆமாப்பா, நாங்க இல்ல" என்றான்.

ராவுத்தர் எழுந்து ஜீப் பக்கம் வந்தார். "தங்கச்சி, ஜெயிக்கிறவனுக்கு என் கடையில ஒரு ஜோடி ஹாரன் சும்மா தரேன்னு சொல்லு," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, மெல்ல, "போயிட்டு வந்துரு ஆத்தா" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு நாற்பத்து மூன்று வண்டியும் வந்து நின்றன. எவனுக்கும் தன் வெளிச்சம் எது என்று தெரியும். நிறம் தெரியும், சாய்வு தெரியும், எந்த வெளிச்சத்தில் எவள் சேலை காய்ந்தது என்பதுகூடத் தெரியும். ஆனால் யாராலும் உருவ முடியவில்லை. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தது. ஒண்டிமுத்து லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான். அசையவில்லை.

"முதல் தையலைப் பிரிச்சாத்தான் மத்தது பிரியும்," என்றாள் பெருமாயி. குரல் எழவில்லை, வெயிலுமுத்துவுக்கு மட்டும்தான் கேட்டது. "முதல் தையல் உங்களுது. போங்க."

அவன் ஜீப்பை அன்றைக்கு நின்ற அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். லைட்டைப் போட்டான். அவன் வெளிச்சம் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில், நாற்பத்தி நாலு அங்குலமும் குறையாமல் படுத்திருந்தது. அவன் கண் தானாய்ப் பாறைக்குப் போனது. தொடுகிறதா, இன்னும் தொடுகிறதா? வெளிச்சம் அசையவில்லை.

"பாறையைப் பார்க்காதீங்க," என்றாள். "என்னை எங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு பாருங்க."

அவன் இடது கையை எடுத்து அவள் கை மேல் வைத்தான். உள்ளே ஓடுவது தெரிந்தது, ஆனால் நேற்றைவிட மெதுவாய். அதற்கப்புறம் அவனுக்குப் பாறை ஞாபகம் வரவில்லை. ரோடு எங்கே என்று மட்டும் பார்த்தான். கியரைப் போட்டு கிளச்சை விட்டான். உறையில் கத்தி இறங்குகிற மாதிரி வெளிச்சம் வந்து லைட்டில் உட்கார்ந்தது. தையலில் நூலை உருவினால் துணி பிரியுமே, அப்படி அந்த வெள்ளை முழுக்க ஒரு கோடு பிரிந்தது. கோட்டுக்கு அடியில் நாலு முழம் தார் ரோடு, கறுப்பாய், ஈரமாய், ஒரு வாடின பூமாலையோடு தெரிந்தது. அந்த நாலு முழம் போனதும் அடுத்த நாலு முழம். தாய் நடந்தால் கன்று நடக்கிற மாதிரி வெளிச்சம் அவனோடு நடந்தது.

பின்னால் ஒண்டிமுத்து தன்னுடையதை உருவினான். அதற்குப் பின்னால் லாரி. அதற்குப் பின்னால் மினி லாரி. நாற்பத்து மூன்று வண்டியின் வெளிச்சமும் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, அவனவன் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பத்தாம் வளைவில் திரும்பி, ஒன்பதில் திரும்பி, மலையை வளைத்து இறங்கியது. கடைசி வண்டி போனதும் செல்லக்கண்ணு கடையை விட்டு வெளியே வந்து பார்த்தாள். வளைவில் பாறை இருந்தது, ரோடு இருந்தது, பூசாரி வைத்த பொட்டு ரோட்டில் விழுந்து கிடந்தது. "என் பல்பு போச்சே" என்றாள்.

அடிவாரத்தில் சுள்ளென்று வெயில். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியெல்லாம் வந்து நின்று, லைட்டைப் போட்டபடி ஹாரன் அடித்தன. அந்த வெயிலில் நாற்பத்து மூன்று வண்டியின் வெளிச்சமும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காவலாளி தடியோடு ஓடி வந்தார். "இது ஆஸ்பத்திரியா, ஊர்வலமா? பட்டப்பகல்ல எதுக்குய்யா லைட்டு?" ஒருத்தனும் அணைக்கவில்லை, தீர்ப்புச் சொல்லாமல் எப்படி அணைப்பது?

வெயிலுமுத்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். நர்ஸம்மா வரிசை பார்க்கவில்லை, மூச்சைப் பார்த்தார், நேராய்க் கட்டிலுக்குக் கொண்டுபோனார். ஒண்டிமுத்துவின் தலை ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

"அக்கா, கஷ்டத்துல கேக்குறேன்னு நினைக்காதீங்க. ஆரு ஜெயிச்சா? எல்லாரும் நிக்கிறாங்க."

பெருமாயி அவனைப் பார்த்தாள், வெயிலுமுத்துவைப் பார்த்தாள். இடது கையை நர்ஸம்மாவிடம் நீட்டினாள்.

"இந்த வெயில்ல ஒண்ணும் பிடிபடலைப்பா," என்றாள். "வெள்ளிக்கிழமை எல்லாரும் மறுபடி இறக்கிக் கொண்டு வாங்க. அன்னைக்குச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை கண்டிப்பாச் சொல்லிருவீங்களா?"

"வெயில் இல்லாட்டிச் சொல்லிருவேன். இருந்தா செவ்வாக்கிழமை."

வெயிலுமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. அடிவாரத்தில் என்றைக்கு வெயில் இல்லாமல் இருந்திருக்கிறது? தீர்ப்பு வராத வரைக்கும் எந்த வெளிச்சமும் வளைவில் நிற்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். அவன் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜன்னலில் இருந்த தலை யோசித்தது. "சரிக்கா, அப்ப அந்த டேப்பையாவது குடுங்க. நாங்களே அளந்து பார்த்துக்கிறோம்."

பெருமாயி வலது கையால் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள், அறுபது அங்குலத்தையும் விரலில் நிதானமாய்ச் சுருட்டினாள், சுருட்டினதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள், அதன் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.